ஷார்ட்கட் கீயை எங்கே மாற்றுவது: சாஃப்ட்வேரிலா, விண்டோஸிலா, தனி கீபேடிலா?

ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ குன்னூர் பெட்போர்டிலோ ஒரு சின்ன ஸ்டூடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் சிஸ்டம் ஒன்று. உட்காருபவர்கள் மூன்று பேர். காலையில் பாஸ்போர்ட் சைஸ் போடுபவர், மத்தியானத்துக்கு மேல் ஆல்பம் டிசைனர், ஏப்ரல், மே சீசனில் கீழேயிருந்து வேலைக்கு ஏறி வரும் பையன். இந்த மூவரில் ஒருவர் தன் வசதிக்கு பிரஷ் கீயை மாற்றி வைத்துவிட்டுப் போனால் மற்ற இருவருக்கும் அன்றைக்கு வேலை ஓடாது. அதனால் எந்தக் கீயை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த மாற்றத்தை எங்கே பதிந்து வைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

பதிய மூன்று இடங்கள் உண்டு. போட்டோஷாப், கிம்ப் மாதிரி சாஃப்ட்வேரின் உள்ளேயே அதற்கென்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அடுத்தது விண்டோஸ் மட்டம்: பவர்டாய்ஸ், ஆட்டோஹாட்கீ போன்றவை பின்னணியில் ஓடிக்கொண்டு ஒரு கீயை இன்னொன்றாக மாற்றித் தரும். கடைசியாக, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள்: மேக்ரோ பேட் (சில கீகள் மட்டும் உள்ள சின்னக் கீபோர்டு), பென் டேப்லெட்டில் உள்ள பட்டன், மவுஸின் பக்கவாட்டு பட்டன்.

நம் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பல பேர் உட்காரும் நாற்காலி என்றால் சாஃப்ட்வேரின் உள்ளே, ஒர்க்ஸ்பேஸோடு (பேனல்களின் அடுக்கைப் பெயர் போட்டுச் சேமிக்கும் வசதி) கட்டி வையுங்கள். ஒரே ஆள் கோத்தகிரியில் ஒரு சிஸ்டம், ஊட்டியில் ஒரு சிஸ்டம் என்று மாறி மாறி வேலை பார்த்தால் தனி கீபேட் வாங்கலாம். விண்டோஸ் மட்டத்து மாற்றத்தைக் கடைசியில் வையுங்கள். அதைத் தொட்டே ஆக வேண்டிய சந்தர்ப்பம் ஒன்றிரண்டுதான்.

டார்க்ரூம் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பரில் பிரிண்ட் போட்ட நாட்களில் டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் என்ற ட்ரே வரிசையை யாரும் மாற்றமாட்டார்கள். சிவப்பு விளக்கின் மங்கலில் கண் தேடாது, கை தானாகப் போகும். ஒருவர் ட்ரேயை நகர்த்தினால் அடுத்தவர் போடும் பேப்பர் வீண். கீபோர்டும் அப்படிப்பட்ட இருட்டறைதான். வேலை பழகியவர் அதைக் குனிந்து பார்ப்பதில்லை.

மாற்றுவதற்கு முன் ஒரு நாள் கணக்கு

கீபோர்டு பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். இடது கை தன் இடத்தை விட்டு வலப்பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கோடு. மவுஸ் மேலே மெனுவுக்குப் போகும்போதெல்லாம் எந்த கமாண்டுக்கு என்று எழுதி இன்னொரு கோடு. ராத்திரி எண்ணிப் பார்த்து, இருபது கோட்டுக்குக் கீழே இருப்பதை மறந்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு கீக்கு மேல் மாற்றுகிறவர்கள் ஒரே வாரத்தில் பாதியை மறந்துவிட்டு மறுபடி மெனுவுக்கே போவார்கள்.

அந்தச் சீட்டில் முதலில் வருவது பெரும்பாலும் பிரஷ் அளவு. அதை மாற்றும் சதுர அடைப்புக்குறி கீகள் கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கின்றன. வலது கையில் மவுஸ் இருப்பதால் இடது கை முழுக் கீபோர்டையும் தாண்டிப் போய்வர வேண்டும். ஆனால் இதற்குக் கீயை மாற்றவே வேண்டாம். விண்டோஸில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மவுஸின் வலது பட்டனை அழுத்தி இழுத்தால் போதும்: இடம் வலம் இழுத்தால் அளவு மாறும், மேல் கீழ் இழுத்தால் ஓரத்தின் மென்மை மாறும். மேக்கில் கன்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். இது தெரியாமல் அடைப்புக்குறியை க்யூ-வுக்கும் டபிள்யூ-வுக்கும் மாற்றி, குயிக் மாஸ்க்கையும் செலக்‌ஷன் கருவியையும் இழந்தவர்கள் நிறைய.

சீட்டில் ஏறாமலேயே வேலையைக் கெடுக்கிற ஒன்றும் உண்டு. தெரிகிற எல்லா லேயரையும் (ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் பட அடுக்கு) ஒரு புதிய லேயராக மேலே பதிக்க கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஈ நான்கையும் ஒன்றாக அழுத்துகிறோம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும் காலையில் விரல் விறைத்திருக்கும்போது கட்டைவிரல் ஆல்ட்டை விட்டுவிட்டால் அழுந்துவது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ. அது தெரிகிற லேயர்களையெல்லாம் ஒன்றாக உருக்கிவிடும் கமாண்ட். திரையில் படம் அப்படியேதான் தெரியும், ஒரு வித்தியாசமும் கண்ணில் படாது. 12×36 ஆல்பம் ஷீட்டை அந்த நிலையில் சேவ் செய்து மூடிவிட்டால், மறுநாள் 'பொண்ணு படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்க' என்று போன் வரும்போது நகர்த்த லேயர் இருக்காது. இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதில்தான் மூன்று வழிகளின் வித்தியாசமும் தெரிகிறது.

போட்டோஷாப்பின் உள்ளே

எடிட் மெனுவின் அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ். நேராகத் திறக்க கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், கே. ஜன்னல் திறந்ததும் எதையும் தொடாமல், மேலே 'செட்' என்ற பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் புதிய செட் பட்டனை அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள். இதைச் செய்யாமல் நேராக மாற்றத் தொடங்கினால் செட்டின் பெயர் 'போட்டோஷாப் டிஃபால்ட்ஸ்', பக்கத்தில் 'மாடிஃபைடு' என்று நிற்கும். யார் எதை மாற்றினார்கள் என்று பிறகு பிரித்தெடுக்க முடியாது. புதிய செட் கே.ஒய்.எஸ் என்ற நீட்டிப்புடன் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். அதைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். புது வெர்ஷன் போடும்போதும், பிரெஃபரன்ஸை ரீசெட் செய்யும்போதும் கை கொடுப்பது அதுதான்.

இங்கே ஒரு கட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். மெனு கமாண்டுகளுக்கு வைக்கும் கீயில் கன்ட்ரோல் இருக்க வேண்டும், அல்லது அது எஃப் வரிசைக் கீயாக இருக்க வேண்டும். தனி எழுத்துகள் கருவிகளுக்கே சொந்தம். 'காசியன் பிளர்' போட ஒரே ஒரு எழுத்துக் கீ வேண்டும் என்றால் போட்டோஷாப் தராது. அதனால் கைக்கு எட்டிய எஃப் கீகள்தான் தங்கம். அவற்றில் சிலவற்றை போட்டோஷாப் வீணாக்கி வைத்திருக்கிறது. விண்டோஸில் எஃப்2, எஃப்3, எஃப்4 மூன்றும் கட், காப்பி, பேஸ்ட். இந்த மூன்றையும் எல்லோரும் கன்ட்ரோல் வைத்துத்தான் செய்கிறோம், ஆகவே மூன்றும் நமக்கு. எஃப்12 ரிவர்ட்: கோப்பைக் கடைசியாகச் சேவ் செய்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். தெரியாமல் கை பட்டால் ஹிஸ்டரி பேனலில் ஒரு படி பின்னால் போய் மீட்கலாம். ஆனால் பதறிப்போனவர்கள் முதலில் கோப்பை மூடிவிடுகிறார்கள். அந்தக் கீயை வெறுமையாக்கிவிடுங்கள்.

கருவிகளில் முதலில் மாற்ற வேண்டியது ஸ்பாட் ஹீலிங். முகத்தில் பரு, வடு எடுக்க நாள் முழுக்கத் தேவைப்படும் கருவி, ஜே-யில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆர் கீயில் இருப்பது காட்சியைச் சுழற்றும் கருவி; பென் டேப்லெட் வைத்து வரைகிறவர்களைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. ஸ்பாட் ஹீலிங்குக்கு ஆர் என்று அடித்தால், இந்தக் கீ வேறு இடத்தில் இருக்கிறது என்று கீழே எச்சரிக்கை வரும். 'அக்செப்ட்' அழுத்தினால் பழைய கருவி கீ இல்லாமல் அனாதையாகும். பக்கத்திலேயே 'அக்செப்ட் அண்ட் கோ டு கான்ஃப்ளிக்ட்' இருக்கிறது. அதை அழுத்தினால் இடம் இழந்த கருவிக்கே கொண்டுபோய் நிறுத்தி, வேறு கீ கொடுக்கச் சொல்லும். ஒரே எழுத்தைப் பகிரும் கருவிகளைப் பிரிக்கவும் முடியும்: ஸ்பாட் ஹீலிங் ஆர்-க்கு வந்தாலும் பேட்ச் கருவி ஜே-யிலேயே இருக்கட்டும்.

இனி அந்த நான்கு விரல் விவகாரம். ஷார்ட்கட் ஜன்னலில் தேடினால் அது கிடைக்காது, ஏனென்றால் அது தனி மெனு கமாண்டே இல்லை. மெர்ஜ் விசிபிளை ஆல்ட் பிடித்துக்கொண்டு செய்வதுதான். வழி ஆக்‌ஷன், அதாவது செய்யும் படிகளைப் பதிந்து வைத்து ஒரே கீயில் திரும்ப ஓடவிடும் வசதி. ஆக்‌ஷன்ஸ் பேனலில் புதிய ஆக்‌ஷன் ஒன்றைத் தொடங்கி, ஃபங்ஷன் கீயாக எஃப்2 தேர்ந்தெடுத்து, ரெக்கார்டு அழுத்தி, கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஈ ஒருமுறை அழுத்தி, ஸ்டாப். இனி எஃப்2 ஒன்றே போதும். எஃப்2-வில் இருந்த கட் கமாண்ட் தானாக விலகிவிடும். ஒரே கீ ஆக்‌ஷனுக்கும் மெனுவுக்கும் இருந்தால் ஓடுவது ஆக்‌ஷன்தான்.

பாஸ்போர்ட் வேலைக்கும் இதே வழி. 3.5×4.5 செ.மீ., 300 பிபிஐ என்றால் 413×531 பிக்சல். 4×6 மேக்ஸி பேப்பரில் நீளவாக்கில் நான்கு, இரண்டு வரிசை, மொத்தம் எட்டு. கிராப் செய்வதை மட்டும் ஆள் பார்த்துச் செய்யட்டும்; மெல்லிய வெள்ளை ஓரம், எட்டுப் பிரதி, வரிசைப்படுத்தல் எல்லாவற்றையும் ரெக்கார்டு செய்து எஃப்3-க்கு. கிராப்பையும் உள்ளே ரெக்கார்டு செய்தால் அடுத்த ஆளின் தலை பாதியில் வெட்டுப்படும். ரெக்கார்டு செய்த அன்றைக்கு எந்த இடத்தில் வெட்டினோமோ அதே இடத்தில்தான் அது திரும்பத் திரும்ப வெட்டும்.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: ஆக்‌ஷன்கள் கே.ஒய்.எஸ் கோப்பில் சேராது. அவற்றுக்கு ஏ.டி.என் என்ற தனிக் கோப்பு. ஆக்‌ஷன்ஸ் பேனல் மெனுவில் 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' மங்கலாகத் தெரிந்தால், நீங்கள் ஒரு ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதை வைத்திருக்கும் ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவில் இரண்டு கோப்பும் இருந்தால்தான் வேறு சிஸ்டத்தில் உங்கள் கை அப்படியே ஓடும். லேப்டாப்பில் எஃப்2 அழுத்தினால் ஒலியோ வெளிச்சமோ கூடிக் குறைந்தால் அது போட்டோஷாப்பின் குற்றமில்லை. எஃப்என் லாக் மாறியிருக்கிறது. பல மாடல்களில் எஃப்என்-னுடன் எஸ்கேப் அழுத்தினால் திரும்பிவிடும்.

நாற்காலியைப் பகிர்கிறவர்களுக்கு மருந்து ஒர்க்ஸ்பேஸ். விண்டோ மெனுவில் ஒர்க்ஸ்பேஸ், நியூ ஒர்க்ஸ்பேஸ். பெயர் கொடுக்கும் பெட்டியில் 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். அது தானாக டிக் ஆகி வராது, அதனால்தான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஆளுக்கு ஒரு ஒர்க்ஸ்பேஸ். உட்கார்ந்ததும் வலது மூலையில் தன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பேனல்களும் கீகளும் சேர்ந்து மாறும். பின்னால் ஏதாவது கீயைத் திருத்தினால் அதே பெயரில் ஒர்க்ஸ்பேஸை மறுபடி சேமித்துவிடுங்கள். சீசன் பையனுக்கு டிஃபால்ட் செட்டையே விட்டுவிடலாம். அவர் அடுத்து எந்த ஊரில் உட்கார்ந்தாலும் அதுதான் இருக்கும்.

வயதில் மூத்த டிசைனருக்கும் இளையவருக்கும் சண்டை மூட்டும் ஒரு டிக்கும் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ஜன்னலில் இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த சிசி 2019 முதல் கன்ட்ரோல்-இசட் ஒவ்வொரு படியாகப் பின்னால் போகிறது. அதற்கு முன் அது கடைசிப் படி ஒன்றை மட்டும் முன்னும் பின்னும் மாற்றும். பல படி பின்னால் போக ஆல்ட்டும் சேர்க்க வேண்டும். 'யூஸ் லெகசி அன்டூ ஷார்ட்கட்ஸ்' டிக் அடித்தால் பழைய முறை திரும்பும். நம் யோசனை: டிக் வேண்டாம். பழைய கை இரண்டு நாள் திட்டும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

தமிழ் அடிக்கும்போது

ஆல்பத்தில் பெயர் போட, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கத் தமிழ் வேண்டும். தமிழ்99 கீபோர்டு அமைப்பை ஆன் செய்து பெயர் அடித்து முடித்து, ஆஃப் செய்ய மறந்து பி (B) அழுத்தினால் பிரஷ் வராது. ஒற்றை எழுத்துக் கருவிகள் எல்லாம் ஊமையாகும், கன்ட்ரோலோடு சேர்ந்தவை பெரும்பாலும் ஓடும். 'பாதி கீ வேலை செய்யுது, பாதி செய்யல' என்று கீபோர்டையே மாற்றிய கடைகள் உண்டு. எஃப் கீயில் வைத்த ஆக்‌ஷன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றை நம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடிக்கிறவர்களுக்கும் தொல்லை இல்லை, ஏனென்றால் அங்கே கீபோர்டு ஆங்கிலத்திலேயேதான் நிற்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோட் பெயரை பாமினியில் ஒட்டினால் தமிழ் வராது, திரும்ப அடிக்க வேண்டும். எது சுமை குறைவு என்பது உங்கள் கடைக்கு வரும் ஆர்டரைப் பொறுத்தது.

விண்டோஸில் மொழி மாற்ற ஆல்ட், ஷிஃப்ட் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். போட்டோஷாப்பில் பிளெண்ட் மோடு மாற்றும் கீகள் எல்லாம் ஷிஃப்ட், ஆல்ட்டோடுதான் தொடங்குகின்றன: எம் சேர்த்தால் மல்டிப்ளை, எஸ் சேர்த்தால் ஸ்க்ரீன், எஃப் சேர்த்தால் சாஃப்ட் லைட். இரண்டையும் பிடித்துவிட்டு மனசு மாறி எழுத்தை அழுத்தாமல் கையை எடுத்தால் மொழி மாறிவிடும். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்று போய் அந்தக் கீ வரிசையை 'நாட் அசைன்டு' ஆக்குங்கள். மொழி மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் போதும்.

லைட்ரூமில் மாற்றாமல் இருப்பதே லாபம்

படங்களைத் தேர்ந்தெடுத்து நிறம், வெளிச்சம் திருத்தும் லைட்ரூம் கிளாசிக்கில் ஷார்ட்கட் மாற்ற ஜன்னலே கிடையாது. விண்டோஸில் ஒரு குறுக்கு வழி உண்டு: மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்பில் கை வைத்து மெனு கீகளை மாற்றுவது. அடுத்த அப்டேட் வந்ததும் அது அழிந்துவிடும். ஒரு நிறுத்தற்குறி தவறினாலும் அந்த வரி வேலை செய்யாது. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, ஆப் ஷார்ட்கட்ஸ் வழியாகச் செய்யலாம். மெனுவில் இருக்கிற பெயரை எழுத்துக்கு எழுத்து, கடைசியில் வரும் மூன்று புள்ளி உட்பட, அப்படியே அடித்தால்தான் பிடிக்கும். மெனுவில் இல்லாததை அதனால் தொட முடியாது.

ஆனால் இருப்பதே நன்றாக இருக்கிறது. கல்யாண செலக்‌ஷனுக்கு கேப்ஸ் லாக்கைப் போடுங்கள். பி (P) அழுத்தினால் தேர்வு, எக்ஸ் அழுத்தினால் தள்ளுபடி, யூ அழுத்தினால் முடிவு பாக்கி. ஒவ்வொன்றும் அடுத்த படத்துக்குத் தானாக நகரும். படுகர் கல்யாணத்தில் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருப்பார்கள். பின்னால் மூடுபனியும் வெள்ளை. அங்கே ஹைலைட்டும் எக்ஸ்போஷரும் படத்துக்குப் படம் கொஞ்சம் அசைய வேண்டும். லைட்ரூமின் டெவலப் மாட்யூலில் புள்ளி கீ அடுத்த ஸ்லைடருக்கும், கமா முந்தைய ஸ்லைடருக்கும் கொண்டுபோகும்; கூட்டல், கழித்தல் கீகள் அதன் அளவை ஏற்றி இறக்கும். ஸ்லைடரை மவுஸில் பிடித்து இழுப்பதைவிட இது நிதானம், ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவு அசைவு. எந்த மாட்யூலில் இருந்தாலும் கன்ட்ரோலுடன் சாய்வுக்கோடு அழுத்தினால் அங்கே உள்ள கீ பட்டியல் திரையில் வரும்.

கேப்ஸ் லாக்கை நிறுத்தாமல் போட்டோஷாப்புக்கு வந்தால் பிரஷ்ஷின் வட்டம் மறைந்து கூட்டல் குறி மாதிரி ஒன்று நிற்கும். 'பிரஷ் கெட்டுப்போச்சு' என்று வரும் போன்களில் பாதிக்கு மருந்து அந்த ஒரு கீதான்.

ஸ்லைடர்களைக் கையால் திருக ஆசைப்படுகிறவர்களுக்கு மிடி2எல்ஆர் என்ற இலவச பிளக்இன் இருக்கிறது. இசைக்குப் பயன்படும் சின்ன மிடி குமிழ்ப் பலகையை லைட்ரூம் கிளாசிக்கோடு இணைக்கும். மாசத்துக்கு ஒரு கல்யாணம் என்றால் அமைக்கும் நேரத்துக்குக் கட்டாது.

கேப்சர் ஒன் இதற்கு நேர் எதிர். எடிட் கீபோர்டு ஷார்ட்கட்ஸைத் திறந்து, பூட்டப்பட்ட டிஃபால்ட் செட்டை டூப்ளிகேட் செய்துவிட்டால் மெனு கமாண்டுக்கும் ஒற்றை எழுத்து வைக்கலாம். 2020 டிசம்பரில் வந்த கேப்சர் ஒன் 21 முதல், ஒரு கீயைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எக்ஸ்போஷர் ஏறி இறங்கும் ஸ்பீடு எடிட் வசதியும் உண்டு.

காசு செலவில்லாமல் இதே சுகம் வேண்டும் என்றால் டார்க்டேபிள். 3.8 முதல் அதன் ஷார்ட்கட் அமைப்பு முழுக்க மாறிவிட்டது. மேலே இருக்கும் கீபோர்டு ஐகானைக் கிளிக் செய்து, ஸ்லைடர் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தி, வேண்டிய கீயைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் பதிந்துவிடும். மறுபடி ஐகானைக் கிளிக் செய்து வெளியே வந்துவிட வேண்டும். மறந்தால் அடுத்து எதை அழுத்தினாலும் அதுவும் ஷார்ட்கட்டாகப் பதிய நிற்கும். இப்போதைக்கு ஷார்ட்கட் மாற்றத்தில் இவ்வளவு தாராளம் வேறெங்கும் இல்லை. ஆல்பம் டிசைன் மட்டும் அதில் ஓடாது.

கிம்ப்: கை பழக்கமே எதிரி

போட்டோஷாப்பில் வேலை கற்றவர் கிம்ப்புக்கு வந்தால் முதல் மணி நேரத்திலேயே இரண்டு இடத்தில் மாட்டுவார். செலக்‌ஷனை நீக்க கன்ட்ரோல்-டி (D) அழுத்துவார். கிம்ப் அந்தப் படத்தின் முழுப் பிரதி ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைக்கும். சாயங்காலத்துக்குள் பத்துப் பிரதி திறந்திருக்கும், மெமரி நிறைந்து சிஸ்டம் தவழும். அளவு மாற்ற கன்ட்ரோலோடு 'டிரான்ஸ்ஃபார்ம்' எழுத்தான டீ-யை (T) அழுத்துவார், 2.10-ல் அது செலக்‌ஷனின் ஓடும் கோட்டை மறைக்கும் கீ. கோடு மறைந்ததும் செலக்‌ஷன் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வரைவார்.

எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், தேடல் பெட்டியில் கமாண்டின் பெயர், வரியைக் கிளிக் செய்து புதிய கீ. இவ்வளவுதான். 2.10-ல் போட்டோஷாப் கீ அமைப்பு ஒன்று 'பிஎஸ்-மெனுஆர்சி' என்ற கோப்பாகக் கூடவே வருகிறது. அதை மெனுஆர்சி என்று பெயர் மாற்றி உங்கள் கிம்ப் ஃபோல்டரில் வைத்தால் போதும். 2025 மார்ச்சில் வந்த 3.0-ல் கோப்பு முறை மாறிவிட்டது, பழையதை அப்படியே போட முடியாது. கீ நினைவில் வராதபோது சாய்வுக்கோடு அழுத்திப் பெயரைத் தட்டினால் எந்தக் கமாண்டும் வரும். இதுவே பாதி ஷார்ட்கட்டுகளை வைக்கத் தேவையில்லாமல் செய்துவிடுகிறது.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கிம்ப் ஷார்ட்கட் மாற்றங்களை முறையாக மூடும்போதுதான் எழுதி வைக்கும். ஜூன், ஜூலையில் கூடலூர்ப் பக்கம் மரம் சாய்ந்து கரண்ட் போகும் நாட்களில், யுபிஎஸ் இல்லாத சிஸ்டத்தில் காலையில் வைத்த கீகள் மாலையில் இருக்காது. மாற்றி முடித்ததும் ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள். 2.10-ல் பிரெஃபரன்ஸில் இன்டர்ஃபேஸ் பக்கத்தில் உடனே சேமிக்கும் பட்டனும் இருக்கிறது.

விண்டோஸ் மட்டத்தில்

பவர்டாய்ஸின் கீபோர்டு மேனேஜர் இலவசம், புரோகிராம் எழுதத் தேவையில்லை. ஆனால் ஒரு தனிக் கீயை மாற்றினால் அது எல்லா அப்ளிகேஷனிலும் மாறும். கன்ட்ரோல், ஆல்ட்டோடு சேர்ந்த கூட்டுக் கீயை மட்டும்தான் குறிப்பிட்ட ஒரு சாஃப்ட்வேருக்கென்று கட்ட முடியும். கேப்ஸ் லாக்கை வேறொன்றாக மாற்றினால் லைட்ரூமின் தானாக நகரும் வசதியும் சேர்ந்து போய்விடும். ஆட்டோஹாட்கீயில் சில வரி எழுதினால் போட்டோஷாப் முன்னால் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி வைக்கலாம். கஷ்டம் அங்கேயும் உண்டு: எழுத்துக் கருவி திறந்திருக்கிறதா, சேவ் பெட்டியில் வாடிக்கையாளர் பெயர் அடிக்கிறோமா என்பது அதற்குத் தெரியாது. எழுத்துக் கீயை மாற்றி வைத்தால் பெயரின் நடுவில் ஏதாவது ஒரு கமாண்ட் ஓடும். எழுத்து விழாத கீகளை மட்டும் தொடுங்கள்: ஸ்க்ரோல் லாக், பாஸ், வலது கன்ட்ரோல்.

போட்டோஷாப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டு பவர்டாய்ஸைச் சாதாரணமாக ஓடவிட்டால் மாற்றம் எதுவும் பிடிக்காது. இரண்டும் ஒரே உரிமையில் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பில் அடிக்க அதே சிஸ்டத்தில் உட்காருபவருக்கு இந்த மாற்றம் இருப்பதே தெரியாது. போட்டோஷாப் தராத ஒற்றைக் கீ ஒன்றோ இரண்டோ வேண்டும் என்பவர் மட்டும் இந்தப் பக்கம் வரலாம்.

தனி கீபேட்

மலிவான யுஎஸ்பி நம்பர் பேட் வாங்கி அதில் ஷார்ட்கட் வைக்கலாம் என்று பலர் தொடங்குகிறார்கள். விண்டோஸுக்கு அந்த 7-ம் பெரிய கீபோர்டின் 7-ம் ஒன்றுதான். சாதாரண வழியில் பிரிக்க முடியாது. வாங்குவதானால் தன் உள்ளேயே நினைவகம் உள்ள மேக்ரோ பேட் வாங்குங்கள். வியா மாதிரி ஒரு செயலியில் ஒருமுறை கீகளை எழுதிவிட்டால் பேடின் சிப்பிலேயே நிற்கும். வேறு சிஸ்டத்தில் செருகினால் எதையும் நிறுவாமல் ஓடும். ஒன்பது கீ போதும். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஈ நான்கையும் ஒரே கீயில் எழுதலாம், ஆக்‌ஷனோ ஏ.டி.என் கோப்போ தேவையில்லை. ஊர் ஊராகப் போய் எடிட் செய்து கொடுப்பவருக்கு இதைவிட வசதியில்லை.

குறை என்னவென்றால் பேடுக்குத் திரையில் எது திறந்திருக்கிறது என்று தெரியாது. லைட்ரூமில் தேர்வுக்கு வைத்த பி (P) போட்டோஷாப்பில் பென் கருவி. இரண்டுக்கும் தனித்தனி லேயர் (இங்கே, கீகளின் தனித் தொகுப்பு) வைத்து, எந்த லேயரில் இருக்கிறோம் என்று விளக்கு நிறத்தால் காட்டும் பேடாகப் பார்த்து வாங்க வேண்டும். பென் டேப்லெட் ஏற்கெனவே இருந்தால் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். வாக்கம் டிரைவரில் ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் சேர்த்து, அதன் பட்டன்களுக்குத் தனித்தனி வேலை கொடுக்கலாம். ஆனால் அந்த அமைப்பு டிரைவரில், அதாவது அந்த சிஸ்டத்தில் இருக்கிறது. டேப்லெட்டோடு கூட வராது, பேக்கப் எடுத்துப் போக வேண்டும்.

மழை மாசங்களில் கேமரா, லென்ஸுக்கு சிலிக்கா ஜெல் போட்டு வைக்கும் டப்பாவிலேயே பேடையும் போடுங்கள். ஈரம் இறங்கிய சுவிட்ச் ஒருமுறை அழுத்தினால் இருமுறை அடிக்கும். எஃப்3-ல் பாஸ்போர்ட் ஆக்‌ஷன் இருந்தால் எட்டுப் படத்தின் மேல் இன்னொரு எட்டு வந்து உட்காரும்.

எந்த வழியை எடுத்தாலும், போட்டோஷாப்பின் ஷார்ட்கட் ஜன்னலில் 'சம்மரைஸ்' என்ற பட்டன் இருக்கிறது. அழுத்தினால் அந்தச் செட்டின் எல்லாக் கீகளும் பிரவுசரில் திறக்கும் பட்டியலாகச் சேமிக்கப்படும். முழுதாக பிரிண்ட் எடுத்தால் பக்கம் பக்கமாகப் போகும். மாற்றிய பத்துப் பன்னிரண்டு வரியை மட்டும் எடுத்து ஒரு மேக்ஸி பேப்பரில் பிரிண்ட் போட்டு மானிட்டருக்குக் கீழே ஒட்டுங்கள்; தேதியும், யாருடைய ஒர்க்ஸ்பேஸ் என்பதும் அதில் இருக்கட்டும்.